படியளக்கும் நோய்

2024 ஜூன் 18, 19 தேதிகளில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து சனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தபோது அரசு தொகைகளை அறிவித்தது. செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம். ஆஸ்பத்திரியில் கிடப்பவருக்கு 50,000. அப்பா, அம்மா இருவரையும் பறிகொடுத்த பிள்ளைகளுக்கு மாதம் 5,000, வைப்புத்தொகை 5 லட்சம், படிப்புச் செலவு. கருணாபுரம், மாதவச்சேரி, சேஷசமுத்திரம் என்று பல ஊர்களில் 65க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பெரும்பாலும் அன்றாடக் கூலிகள், அவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள்.

இந்தக் கட்டுரை சாராயத்தைப் பற்றியதல்ல. 10 லட்சத்துக்கும் 50,000க்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பற்றியது. இருபது மடங்கு.

மெத்தனால் குடித்துப் பிழைத்தவனுக்கு என்ன ஆகிறது? அந்த விஷம் கல்லீரலில் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும். சிலருக்குப் பார்வை முழுக்கப் போகும், சிலருக்குப் பாதி போகும். சிலருக்கு மூளையின் உள்பகுதி கெட்டுக் கை கால் நடுக்கம் நிலைத்துவிடும். கரும்பு வெட்டுகிறவனுக்கும் மூட்டை தூக்குகிறவனுக்கும் கண்ணும் கையும் போன பிறகு மிச்சம் இருப்பது வயிறு மட்டும்தான். அவன் இன்னும் இருபது வருஷம், முப்பது வருஷம் இருப்பான். அவன் பெண்டாட்டி அவனையும் பார்த்துக்கொண்டு நடவுக்கும் போக வேண்டும். 50,000 ரூபாயை முப்பது வருஷத்துக்குப் பங்கு போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஐந்து ரூபாய்கூட வராது.

2024 ஜூலையில் இந்த நிவாரணத்தை எதிர்த்து சென்னை உயர்நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்கு வந்தது. செத்தவனுக்கு 10 லட்சம் எதற்கு, சாராயம் குடித்துச் செத்தவன் என்ன தியாகியா என்பது வாதம். பத்திரிகைகள் எழுதின, டீக்கடையில் பேசினார்கள். 10 லட்சம் அதிகமா குறைவா என்று ஊரே பட்டிமன்றம் நடத்தியது. 50,000 எப்படி வந்தது, எந்தக் கணக்கில் வந்தது என்று அந்த டீக்கடைகளில் யாரும் கேட்டு நான் கேட்கவில்லை. சாவுக்கு விலை உண்டு என்பதை ஏற்றுக்கொண்டு பேரம் பேசினார்கள். நோயோடு வாழ்கிறவன் பேரத்துக்கே வரவில்லை.

இது இரக்கம் இல்லாத அரசு, இரக்கம் உள்ள அரசு என்கிற விஷயமில்லை. பணம் எப்படிக் கண் திறக்கிறது என்கிற விஷயம். பணத்துக்கு ஒரு சம்பவம் வேண்டும். தேதி போட்டு, கையெழுத்து வாங்கி, போட்டோ எடுத்து, கோப்பை மூடி வைக்கிற மாதிரி ஒரு சம்பவம். சாவு ஒரு சம்பவம். பிரசவம் ஒரு சம்பவம். ஆபரேஷன் ஒரு சம்பவம். சர்க்கரை நோய் சம்பவம் இல்லை. அது நேற்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது, நாளைக்கும் இருக்கும். அதற்குத் தேதி இல்லை. தேதி இல்லாததற்கு வவுச்சர் போட முடியாது.

காப்பீட்டை எடுத்துக்கொள்வோம். ஆந்திரத்தில் 2007இல் ஆரோக்கியஸ்ரீ வந்தது. இங்கே 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 ஜனவரியில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆயிற்று. 2018இல் மத்திய அரசின் திட்டத்தோடு சேர்ந்தது. இன்றைக்கு ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை. இதனால் பிழைத்தவர்கள் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. இதய ஆபரேஷனுக்கு நிலத்தை விற்ற காலம் ஒன்று இருந்தது, நிலமே இல்லாதவன் சும்மா செத்த காலமும் அதுதான். ஆனால் இந்தத் திட்டம் எதற்குப் பணம் தருகிறது என்று பாருங்கள். பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு, படுக்கையில் சேர்ந்தால், இத்தனை ரூபாய் என்று ஒரே தொகை. வெளியே வரிசையில் நின்று வாங்குகிற மாத்திரையும், வாரத்துக்கு மூன்று முறை புண்ணுக்குக் கட்டுப் போடுவதும், காலுக்கேற்ற செருப்பும் பெரும்பாலும் அந்தப் பட்டியலுக்கு வெளியே.

என் சின்னம்மாவின் காலை இங்கே சொல்ல வேண்டும்.

அவளுக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் சும்மாதான் கிடைக்கும். 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் புண்ணியத்தில் மாத்திரைக்கு இந்த மாநிலத்தில் பஞ்சம் குறைவு. ஆனால் மாத்திரை வாங்கப் போகிற நாள் சும்மா கிடைக்காது. அன்றைக்குக் கூலி போச்சு. பஸ் இப்போது பெண்களுக்கு இலவசம், அதனால் டிக்கெட் காசு மிச்சம். ஆனால் வரிசையில் நிற்கிற அரை நாளை எந்தப் பஸ்ஸும் திருப்பித் தராது. அவள் நடவுக் காலத்தில் மாத்திரையை விடுவாள், வேலையில்லாத காலத்தில் முழுங்குவாள். வெறும் கால், சேறு, முள். சர்க்கரை முற்றினால் பாதத்தில் உணர்ச்சி செத்துப்போகும், முள் குத்தினது தெரியாது. 'முள்ளு குத்துனது தெரியலடா, ரத்தத்த பாத்துதான் தெரிஞ்சிது' என்றாள்.

ஒரு டாக்டர் நல்ல மாதிரி அவளிடம் சொன்னார்: 'பெரியம்மா, வீட்டுக்குள்ளகூட செருப்பு இல்லாம நடக்காதீங்க.' அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். அந்த டாக்டருக்குத் தெரியாத விஷயம், ஊர்த்தெரு முனை வந்தால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வது அவளுக்கு ஏழு வயசிலிருந்து பழக்கம். இப்போது கழற்றச் சொல்லி யாரும் மிரட்டுவதில்லை என்று எங்கள் பையன்கள் சொல்கிறார்கள். உண்மைதான். அவர்கள் ஷூ போட்டு, பைக்கிலேயே போகிறார்கள். அவள் காலுக்கு அது தெரியவில்லை. மனசு மறந்தாலும் கால் மறக்காது போலிருக்கிறது. உணர்ச்சி செத்த காலுக்குக்கூட அந்த முனை மட்டும் தெரிந்திருக்கிறது.

புண் ஆறு மாசம் இருந்தது. கட்டுப் போட ஆளில்லை, அதாவது கட்டுப் போட்டால் யாருக்கும் ஒன்றும் கிடைக்காது. கடைசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பேரும் ஊரும் வேண்டாம், ஏனென்றால் அது ஒரு ஆஸ்பத்திரியின் கதை இல்லை. 'கார்டு இருக்கா?' என்று கேட்டார்கள். இருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எங்களுக்கு ஒரு பைசா செலவில்லை. வெளியே வரும்போது ஒரு படிவத்தில் கைநாட்டு வாங்கினார்கள், சிகிச்சை திருப்தியாக இருந்தது என்று.

காலைக் காப்பாற்ற யாருக்கும் காசில்லை, வெட்ட மட்டும் காசிருக்கிறது. இதைச் சொன்னால் டாக்டர்களைக் கொலைகாரர்கள் என்று திட்டுவதாக எடுத்துக்கொள்கிறார்கள். இல்லை. அன்றைக்கு அந்தக் கால் அழுகிவிட்டது, வெட்டாமல் விட்டிருந்தால் அவள் செத்திருப்பாள், வெட்டியது சரி. என் கேள்வி அதற்கு முந்தின ஆறு மாசத்தைப் பற்றியது. அந்த ஆறு மாசத்தில் யாரும் தப்பு செய்யவில்லை. எல்லோரும் தங்கள் தங்கள் வேலையைச் செய்தார்கள். அந்தப் புண் மட்டும் யார் வேலையிலும் இல்லை. தனி மனிதனின் பாவ புண்ணியத்தை வைத்து ஒழுக்கம் பேசுகிறவர்களுக்கு இந்த ஆறு மாசம் புரியாது. குற்றவாளி இல்லாத குற்றத்தை அவர்கள் விதி என்பார்கள். நமக்கு விதி என்ற சொல்லை எழுதியவன் யார் என்று தெரியும்.

(அம்பேத்கருக்கும் சர்க்கரை நோய் இருந்ததை நாம் அதிகம் பேசுவதில்லை. 1940களின் கடைசியில், அரசியல் சட்டத்துக்கு உழைத்த அதே காலத்தில், அவருக்குச் சர்க்கரையும் கால் நரம்பு வலியும். 1948 ஏப்ரலில் அவர் மணந்த டாக்டர் சாரதா கபீர்தான் கடைசிவரை மருத்துவமும் பார்த்தார். வீட்டுக்குள்ளேயே ஒரு டாக்டர் இருந்தும் 1956இல் அந்த உடம்பு ஓய்ந்தது. நாள்பட்ட நோய்க்கு எவ்வளவு ஆள் வேண்டும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.)

நோய் ஒருவனுக்குத் துன்பம், இன்னொருவனுக்கு விளைச்சல். இதை நான் கோபத்தில் சொல்லவில்லை, வியாபாரிகளே எழுதி வைத்திருக்கிறார்கள். 2018 ஏப்ரலில் கோல்ட்மேன் சாக்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்தின் அறிக்கை ஒன்று வெளியே தெரிந்து பேசப்பட்டது. நோயாளியைக் குணப்படுத்துவது தாக்குப்பிடிக்கிற வியாபாரமா என்பது அதன் கேள்வி. உதாரணத்துக்கு அவர்கள் காட்டியது கிலியட் கம்பெனியின் ஹெபடைடிஸ் சி மருந்து. 2013இல் அமெரிக்காவில் பன்னிரண்டு வாரச் சிகிச்சைக்கு 84,000 டாலர் என்று விலை வைத்தார்கள். மருந்து பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணப்படுத்தியது. குணமானவன் திரும்பக் கடைக்கு வரமாட்டான், பிறருக்கு ஒட்டவைக்கவும் மாட்டான். விற்பனை 2015இல் உச்சிக்குப் போய் அப்புறம் சரிந்தது. மருந்து நன்றாக வேலை செய்ததே கம்பெனிக்கு நஷ்டம். இதை வெட்கமில்லாமல் எழுதினார்கள் என்பதற்காக நான் அவர்களுக்கு நன்றி சொல்வேன். நம் ஊரில் இதையே சேவை என்ற வார்த்தைக்குள் சுருட்டி வைப்பார்கள்.

நம் பக்கத்துக்கு வருவோம். கச்சிராயபாளையம், மூங்கில்துறைப்பட்டு ஆலைகளுக்குக் கரும்பு வெட்டுகிறவர்களைப் பாருங்கள். காலை ஐந்து மணிக்குத் தோட்டத்தில் இறங்கினால் உச்சி வெயில் வரை குனிந்த முதுகு நிமிராது. தண்ணீர் குடிக்க வரப்புக்குப் போனால் கட்டு குறையும், கட்டு குறைந்தால் காசு குறையும். பெண்கள் ஒதுங்க இடமில்லை என்றே தண்ணீர் குடிக்கமாட்டார்கள். தமிழ்நாட்டு விவசாயத் தொழிலாளர்களைச் சோதித்து 2025இல் வெளிவந்த ஆய்வொன்று, நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பேருக்கு நாள்பட்ட சிறுநீரகப் பாதிப்பு என்கிறது. அதில் சுமார் பாதிப் பேருக்குச் சர்க்கரையும் இல்லை, இரத்தக் கொதிப்பும் இல்லை. வெயிலையும் உடம்பு காய்வதையும் சந்தேகிக்கிறார்கள். எல் சால்வடாரிலும் நிகரகுவாவிலும் கரும்புத் தொழிலாளர்களிடம் இதே மாதிரி சிறுநீரகம் கெட்டதை உலகம் ரொம்ப நாளாகப் பேசிவருகிறது. அங்கே நிழல், தண்ணீர், ஓய்வு என்ற மூன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்துகூட இல்லை, நிழல்.

சிறுநீரகம் போன பிறகு டயாலிசிஸ் உண்டு. காப்பீட்டில் உண்டு, 2016இல் வந்த தேசிய டயாலிசிஸ் திட்டத்தில் உண்டு. வாரத்துக்கு இரண்டு, மூன்று தடவை, ஒவ்வொரு தடவைக்கும் யாருக்கோ ஒரு தொகை. வேண்டாம் என்று சொல்ல நான் யார்? இன்றைக்கு நிறுத்தினால் நாளைக்குச் சாவு. ஆனால் தோட்டத்து ஓரத்தில் ஒரு கொட்டகை போட்டு, ஒரு பானை தண்ணீர் வைத்து, மணிக்கொரு தரம் பத்து நிமிஷம் உட்காரவிட்டால் அதற்குப் பில் போட முடியுமா? யாருடைய சிறுநீரகம் இதனால் கெடாமல் போயிற்று என்று பெயர் சொல்ல முடியுமா? கெடாத சிறுநீரகத்துக்குப் பெயர் இல்லை. வெயிலைத் தடுப்பவனுக்கு ஒரு ரூபாய் கிடையாது, வெயில் தின்ற பிறகு ரத்தத்தைக் கழுவுகிறவனுக்கு ஆயுசுக்கும் படி.

இனி மலைக்குப் போவோம். கல்வராயன் மலையில் 1976 வரை சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகிர்கள். நாடு சுதந்திரம் அடைந்து முப்பது வருஷம் ஆகப் போகிற சமயத்தில்தான் அரசு அந்த மலையைக் கையில் எடுத்தது. அதுவரை மலையாளிப் பழங்குடிகள் ஜாகிர்தாருக்கு வெட்டி வேலை செய்தார்கள். கூலி இல்லாத வேலைக்கு அங்கே பேரே வெட்டி. இதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்ததைப் படியுங்கள்.

இன்றைக்கு அந்த மலையில் ஆஷா என்று அழைக்கப்படும் பெண்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் சமவெளியில் கிராம செவிலியர்களை வைத்துச் சமாளிக்கிற அரசு, மலையிலும் பழங்குடிப் பகுதியிலும்தான் இவர்களை வைத்தது. இவர்கள் ஊழியர்கள் இல்லை, தன்னார்வலர்கள். சம்பளம் இல்லை, ஊக்கத்தொகை. தேசிய விதிப்படி ஒவ்வொரு வேலைக்கும் ஒரு விலை. கர்ப்பிணியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனால் சில நூறு. காசநோயாளியை முழுச் சிகிச்சையும் முடிக்க வைத்தால் 1,000. ஒருவருக்கு நோய்க்கான கேள்விப் படிவத்தைப் பூர்த்தி செய்தால் 10. சர்க்கரை, கொதிப்பு உள்ளவரை மருந்து விடாமல் பார்த்துக்கொண்டால் ஆறு மாசத்துக்கு 50.

ஆறு மாசத்துக்கு ஐம்பது ரூபாய். ஒரு ஆள், ஆறு மாசம், மலைக் குடியிருப்பு, நடை. ஒரு படிவத்துக்குப் பத்து ரூபாய், ஒரு மனுசனை ஆறு மாசம் பார்த்துக்கொள்ள ஐந்து படிவத்தின் காசு. எழுதுகிறதுக்குத்தான் விலை, பார்த்துக்கொள்கிறதுக்கு இல்லை என்பதை அரசே இவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருக்கிறது.

2004இல் இங்கிலாந்தில் டாக்டர்களுக்கு இப்படித்தான் செய்தார்கள். சர்க்கரை நோயாளிக்கு இதை இதை அளந்தால் இத்தனை மதிப்பெண், மதிப்பெண்ணுக்கு இத்தனை பணம். முதலில் வேகமாக முன்னேறியது. இலக்கைத் தொட்டதும் நின்றது. காசு வைத்த நோய்களை மட்டும் பார்த்தார்கள், காசு வைக்காத கவனிப்பு பின்தங்கியது. ஸ்காட்லாந்து 2016இல் அதைக் கைவிட்டது. அங்கே அது நல்ல சம்பளத்துக்கு மேலே ஒரு கூடுதல். இங்கே சம்பளத்துக்குப் பதிலாக.

ஊக்கத்தொகை என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. நம் தாத்தன்கள் காலத்தில் கூலி என்று ஒன்று இருந்தது, படி என்று ஒன்று இருந்தது. கூலி நாள் கணக்கு, அதைக் கேட்டு வாங்கலாம், சண்டை போடலாம். களத்துமேட்டில் அளந்து போடுகிற படி அப்படியில்லை. சாவுச் சேதி சொன்னதுக்கு, தோட்டி வேலை பார்த்ததுக்கு, பறையடித்ததுக்கு என்று வருஷம் பூரா பார்த்த வேலைக்கெல்லாம் சேர்த்து நெல் தூற்றும்போது துண்டை ஏந்தி நிற்க வேண்டும். அளக்கிறவன் மனசு. அது உரிமை இல்லை, கருணை. பிள்ளைப்பேறு பார்த்த நம் ஆயாக்களுக்கும் நாவிதர் வீட்டு மருத்துவச்சிகளுக்கும் கிடைத்தது இந்தப் படிதான். ஊர்க் குழந்தைகளையெல்லாம் கையில் வாங்கியவள் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார முடியாது. ஊக்கத்தொகை என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு அந்தத் துண்டுதான் ஞாபகம் வருகிறது.

ரிச்சர்ட் டிட்மஸ் என்ற ஆங்கிலேயர் 1970இல் ரத்ததானத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். காசு கொடுத்து வாங்குகிற ரத்தத்தைவிடச் சும்மா கொடுக்கிற ரத்தம் சுத்தமானது, காசு உள்ளே வந்தால் கொடை வெளியே போய்விடும் என்பது அவர் கருத்து. இந்தியாவில் 1996இல் உச்சநீதிமன்றம் சொல்லி, 1998 முதல் காசுக்கு ரத்தம் கொடுப்பது நின்றது. ரத்தத்தைப் பொறுத்தவரை டிட்மஸ் சரி. ஆனால் இதைத் தூக்கிக்கொண்டு வந்து, மருத்துவம் என்பதே சேவை, சேவைக்குக் காசு கேட்கலாமா என்று நம் பெண்களிடம் பேசுகிற மேடைப் பேச்சாளர்களைக் கண்டால் எரிகிறது. காசில்லாத சேவை இந்த நாட்டில் புதுசா? அதற்கு சாதி என்று பெயர். ஆயிரம் வருஷமாக நாம் கொடுத்தது கொடை இல்லை, பறித்தது. காசு ஒழுக்கத்தைக் கெடுக்கும் என்று, கூலியே பார்க்காதவளிடம் சொல்லக்கூடாது. அவளுக்கு வேண்டியது தூண்டிலில் மாட்டின புழு இல்லை, மாசச் சம்பளம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இந்த இடத்தில் முக்கியமானது. அதற்கு முந்தைய வருஷத்துக் கணக்கெடுப்பில், இந்த மாநிலத்தில் கொதிப்பு உள்ளவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கும் சர்க்கரை உள்ளவர்களில் பத்துப் பதினோரு பேருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருந்தது தெரிந்தது. மாத்திரை இலவசம், ஆனால் ஆள் வரவில்லை. ஆகவே மாத்திரையே வீட்டுக்கு வரும் என்றார்கள். சரியான சிந்தனை, சின்னம்மாவின் அரை நாளை அரசு முதல் தடவையாகக் கணக்கில் எடுத்தது. 2024இல் ஐ.நா. விருதும் வந்தது. ஆனால் அந்த மாத்திரையைச் சுமந்து வருகிற பெண்ணும் தன்னார்வலர்தான், அவளுக்கும் ஊக்கத்தொகைதான். அப்படி ஒருத்தியோடு ஒரு நாள் நடந்தேன். அவளுக்கே சர்க்கரை. 'உனக்கு யாரும்மா மாத்திர குடுக்குறது?' என்றேன். 'நான்தான் எனக்கு குடுத்துக்கறேன். என் பேரையும் நோட்டுல எழுதிக்குவேன், ஒரு ஆளு கணக்கு வருதில்ல' என்று சிரித்தாள்.

மலைக்கு டாக்டர் வருவதற்கும் ஒரு தூண்டில் உண்டு. மலையிலும் எட்டாத இடத்திலும் வேலை பார்த்த அரசு டாக்டர்களுக்கு மேற்படிப்புச் சேர்க்கையில் கூடுதல் மதிப்பெண், வருஷத்துக்குப் பத்து சதவீதம், அதிகபட்சம் முப்பது. இதை நான் எதிர்க்கவில்லை. இது இல்லாவிட்டால் யாரும் ஏறியிருக்கமாட்டார்கள் என்று ஒரு டாக்டர் தோழர் வாதாடினார். அவர் சொல்வது உண்மை. பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் அந்த இரண்டு மூன்று வருஷ டாக்டர் போதும். ஆனால் மூன்று வருஷத்துக்குமேல் மதிப்பெண் ஏறாது. கொதிப்பு இருபது வருஷம் ஏறும். நோயாளியின் முகம் டாக்டருக்குப் பழகும் நேரத்தில் டாக்டரின் முகம் மாறிவிடும். புது டாக்டரிடம் முதலிலிருந்து எல்லாம் சொல்ல வேண்டும், சொல்லிச் சொல்லி அலுத்து மலைக்காரன் நிறுத்திவிடுகிறான். அப்புறம் அவன் போவது கீழே, நோட்டைக் கொடுத்தால் குளுக்கோஸ் ஏற்றி ஊசி போடுகிறவனிடம். அங்கே முகம் மாறாது, அவனும் பத்து வருஷமாக அதே கடையில்தான் இருக்கிறான். மலைக்காரன் ஏமாளி இல்லை. மாறாத முகத்துக்கு அவன் கொடுக்கிற விலை அது.

கல்வராயனுக்கும் சித்தேரி மலைக்கும் நடுவில் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு இருக்கிறது. 1993இல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற டாக்டர் தம்பதி அங்கே ஓலைக் குடிசையில் வைத்தியம் தொடங்கினார்கள். மதிப்பெண்ணுக்காக வரவில்லை, முப்பது வருஷம் கழித்தும் அந்த ஆஸ்பத்திரி இருக்கிறது. ஊர்ப் பெண்களையே பயிற்றுவித்து நர்சுகளாக்கினார்கள். இதைச் சொன்னவுடன் 'பாருங்க, மனசிருந்தா போதும்' என்பார்கள். மனசு போதாது. ஒரு ஊருக்கு இரண்டு நல்ல மனசு கிடைக்கும், எல்லா ஊருக்கும் கிடைக்காது. அவர்களிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது நல்ல மனசை இல்லை, தங்கியதை. தங்குவதற்கு அரசு சம்பளம் கொடுக்கலாம், வீடு கொடுக்கலாம், அந்த மலைப் பெண்ணையே படிக்க வைத்து அங்கேயே நிரந்தர வேலை கொடுக்கலாம். அவளுக்குப் போக வேறு ஊர் இல்லை.

நோயாளிக்கே காசு கொடுக்கிற திட்டங்களும் உண்டு. காசநோயாளிக்குச் சத்துணவுக்காக 2018 முதல் மாதம் 500, 2024 நவம்பர் முதல் 1,000. பசியில் மாத்திரை முழுங்கினால் வயிறு எரியும், இது நியாயமான பணம். இதற்கு நேர் எதிரே கருத்தடைக்குக் கொடுத்த காசு இருக்கிறது. நெருக்கடி நிலைக் காலத்தில் எங்கள் சேரியிலிருந்து ஆள் பிடித்துப் போனதைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள், பிடித்துக் கொடுத்தவனுக்கும் காசு. இரண்டும் ஏழையின் கையில் விழுகிற நோட்டுதான். ஒன்று அவன் சாப்பிட, இன்னொன்று அவன் உடம்பை இவர்கள் எடுத்துக்கொள்ள. எந்தக் காசு எந்த வகை என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது: வேண்டாம் என்று சொன்னால் என்ன நடக்கும்?

டாஸ்மாக்கை விட்டுவிட்டு இந்தக் கணக்கை முடிக்க முடியாது. 2003 நவம்பரிலிருந்து சில்லறை மது விற்பனை அரசின் கையில். 2023-24இல் அதன் வருவாய் 45,000 கோடிக்கு மேல். கருணாபுரத்துக்காரன் டாஸ்மாக்கில் குடிக்கக் காசு போதாமல் பாக்கெட் சாராயத்துக்குப் போனான். காசு போதுகிறவன் டாஸ்மாக்கிலேயே மெதுவாகக் கல்லீரலைக் கெடுத்துக்கொள்கிறான், அவனுக்கு எந்தத் தொகையும் இல்லை, அவன் சாவுக்குத் தேதி குறித்து வழக்குப் போட யாரும் இல்லை. கல்லீரல் வீங்கி வயிற்றில் நீர் கோத்து வருஷக்கணக்கில் கிடக்கிறவர்கள் எங்கள் தெருவில் மட்டும் நான்கு பேர். அவர்களை அப்படி ஆக்கிய கஜானாதான் காப்பீட்டுக்கும் காசு கட்டுகிறது. மது வேண்டாம் என்று சட்டம் போட்டால் பாக்கெட் சாராயம்தான் பெருகும் என்பார்கள். இருக்கலாம். அது வேறு விவாதம்.

எங்கள் கூட்டம் ஒன்றில் இதையெல்லாம் பேசினேன். பிழைத்துக் கண் போனவர்களுக்கு ஒட்டுமொத்தத் தொகை வேண்டாம், மாதாமாதம் ஒரு வாழ்க்கைப்படி வேண்டும், நோய் எத்தனை நாளோ அத்தனை நாளும் பணம் வர வேண்டும் என்பது என் வாதம். படித்த தோழர்கள் கைதட்டினார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த எங்கள் தெருக்காரப் பெண் ஒருத்தி எழுந்தாள். அவள் புருஷனுக்கு ஐந்து வருஷமாகப் பக்கவாதம், ஊனமுற்றோர் பணத்துக்கு அலைந்துகொண்டிருப்பவள்.

'மொத்தமா குடுத்தா ஒரு தடவ போயி நின்னா போதும்ணே. மாசா மாசம்னா மாசா மாசம் அந்த ஆபீசு வாசல்ல நிக்கணும். உசுரோட இருக்காருன்னு வருசா வருசம் அவர தூக்கிட்டுப் போயி காட்டணும். நீங்க வருவீங்களா தூக்க?'

அவளுக்கு நான் சொன்ன பதில் அவளைத் திருப்திப்படுத்தவில்லை. பணம் வங்கிக் கணக்குக்கே போகும், சான்றைக் கிராம செவிலியரே வீட்டுக்கு வந்து எழுதலாம் என்றேன். 'அந்த நர்சம்மாவுக்கு அதுக்கு எவ்ளோ குடுப்பாங்க?' என்று கேட்டாள். தீர்மானத்தை அன்றைக்கு எழுதவில்லை. அடுத்த கூட்டத்துக்கு மலையிலிருந்து ஆஷா பெண்கள் இரண்டு பேரை அழைத்திருக்கிறோம். அவர்களுக்கு அன்றைய கூலியையும் பஸ் காசையும் யார் கொடுப்பது என்று வசூல் நடந்துகொண்டிருக்கிறது.